ஸ்டெப்டோவின் நிறம் எங்கே போனது?

1970 மார்ச் 6 அன்று பி.பி.சி.யின் முதல் அலைவரிசையில் 'ஸ்டெப்டோ அண்ட் சன்' என்ற நகைச்சுவைத் தொடர், நான்கு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு மறுபடி வந்தது. அந்த அலைவரிசைக்கு வண்ணம் வந்து நான்கு மாதம்கூட ஆகாத நேரம். பார்த்தவர்களில் வண்ணப் பெட்டி வைத்திருந்தவர்கள் அதை வண்ணத்தில்தான் பார்த்தார்கள். ஆனால் இன்று டிவிடி வாங்கிப் போட்டால் அந்த ஆண்டின் அத்தியாயங்களில் பெரும்பாலானவை கருப்பு வெள்ளையில் ஓடுகின்றன. 1962 முதல் 1965 வரையிலான அத்தியாயங்கள் கருப்பு வெள்ளை என்பது இயல்பு. 1972, 1974 ஆண்டுகளில் வந்தவை வண்ணம். நடுவில் இந்த ஒரே ஆண்டுக்கு மட்டும் நிறம் போய்விட்டது.

நகைச்சுவை எழுத்தாளர்களின் வாழ்க்கையைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு இது முதலில் ஒரு தொழில்நுட்பக் கேள்வியாகத்தான் பட்டது. தேடத் தேட, எழுதியவர்களின் வீட்டு அலமாரி வரை அது என்னை இழுத்துப் போனது. அந்த எழுத்தாளர்கள் ரே கால்டன், ஆலன் சிம்சன். ஆங்கிலத் தொலைக்காட்சி நகைச்சுவையின் இன்றைய வடிவத்தைச் செய்தவர்கள் யார் என்று கேட்டால் இந்த இரட்டையரைத்தான் முதலில் சொல்வேன்.

முதல் தடயம் படத்திலேயே இருந்தது. அக்காலத்தில் ஒரு நிகழ்ச்சியைப் பாதுகாக்கவோ வெளிநாட்டுக்கு விற்கவோ வேண்டுமானால், திரையில் ஓடும் படத்தைப் பிலிம் கேமராவால் படம்பிடிப்பார்கள். டெலிரெக்கார்டிங் என்று பெயர். அப்படி எடுத்த பிரதியில் ஆட்களின் அசைவு சினிமாவில் இருப்பதுபோல் இருக்கும். வீடியோ நாடாவில் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். ஸ்டெப்டோவின் 1970 பிரதிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். படம் மங்கல், ஓரங்கள் கூர்மையாக இல்லை, ஆனால் அசைவு வீடியோவின் அசைவு. ஆகவே இது வெளிநாட்டு விற்பனைக்கு எடுத்த பிலிம் பிரதி இல்லை. யாரோ மூல நாடாவிலிருந்து தரம் குறைந்த இன்னொரு நாடாவுக்கு, நிறமில்லாமல் நகல் எடுத்திருக்கிறார்கள். ஒளிபரப்பு நிறுவனம் தனக்காக எடுக்கும் நகல் இவ்வளவு மட்டமாக இருக்காது.

மூல நாடா என்ன ஆனது என்பதற்குப் பதில் கிடைப்பது கடினமில்லை. பிரிட்டிஷ் தொலைக்காட்சி வரலாற்றின் பெரிய வேதனை அது. ஒளிபரப்புக்குப் பயன்பட்ட இரண்டு அங்குல வீடியோ நாடா விலை அதிகம். மேலே பதிந்ததை அழித்துவிட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதே அதன் பெருமையாகச் சொல்லப்பட்டது. நடிகர்கள் சங்கத்தோடும் இசைக்கலைஞர்கள் சங்கத்தோடும் இருந்த ஒப்பந்தங்களால் ஒரு நிகழ்ச்சியை நினைத்தபோதெல்லாம் மறு ஒளிபரப்பு செய்ய முடியாது. மறுபடி காட்ட உரிமை இல்லாத நாடா எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். வண்ணம் வந்ததும் பழைய கருப்பு வெள்ளையை இனி எவரும் வாங்கமாட்டார்கள் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் காப்பதற்கென்று பி.பி.சி.யில் முறையான பிலிம், வீடியோ நூலகம் அமைந்தது 1978-இல்தான். அதற்குள் எத்தனையோ போய்விட்டன.

இதில் நகைச்சுவைக்கு விழுந்த அடி பெரியது. ஷேக்ஸ்பியர் நாடகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று எவரும் வாதாடத் தேவையில்லை. சிரித்து முடித்த அரை மணி நேரத்தை வைத்துக்கொள்ள யாராவது வாதாடியாக வேண்டும். பீட்டர் குக், டட்லி மூர் இருவரும் நடத்திய 'நாட் ஒன்லி பட் ஆல்சோ' நிகழ்ச்சியின் நாடாக்களைத் தம் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்று குக் கேட்டும் நடக்கவில்லை என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. அதன் பெரும் பகுதி இன்று இல்லை. ஜானி ஸ்பைட் எழுதிய 'டில் டெத் அஸ் டு பார்ட்' தொடரில் ஏராளமான அத்தியாயங்கள் இல்லை. ஜிம்மி பெர்ரி, டேவிட் கிராஃப்ட் எழுதிய 'டாட்ஸ் ஆர்மி'யில் மூன்று அத்தியாயங்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. ஸ்டெப்டோவிலோ 57 அத்தியாயங்களும் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன. அது எப்படி என்பதுதான் என் கேள்வியாக மாறியது.

பதில் தேட, எழுதியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது.

1948-இல் இங்கிலாந்தின் சர்ரி மாவட்டத்தில் மில்ஃபர்டு என்ற ஊரின் காசநோய் மருத்துவமனையில் இருவரும் சந்தித்தார்கள். சிம்சன் பிரிக்ஸ்டனில் 1929-இல் பிறந்தவர், கப்பல் நிறுவனத்தில் எழுத்தராக இருந்தவர். கால்டன் பாடிங்டனில் 1930-இல் பிறந்தவர், போக்குவரத்துத் தொழிலாளர் சங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அந்த நோய்க்கு அன்று பெரும்பாலும் படுக்கைதான் மருந்து. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும். அமெரிக்கப் படையினருக்கான வானொலியில் வந்த நகைச்சுவைகளைக் கேட்டுக்கொண்டே கிடந்தார்கள். பிறகு மருத்துவமனையின் உள் வானொலிக்குத் தாங்களே ஒரு தொடர் எழுதினார்கள். கேட்டவர்கள் எல்லாரும் நோயாளிகள். நேரம் நகராமல் கிடக்கும் மனிதனை இந்த இருவரும் பின்னாளில் அத்தனை நுட்பமாக எழுதியதற்கு இந்தப் படுக்கைதான் காரணம் என்று நான் நம்புகிறேன். 1958-இல் அவர்கள் எழுதிய ஒரு வானொலி அத்தியாயத்தில் நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் சும்மா இருக்கிறார்கள். வேறு எதுவும் நடப்பதில்லை. பெருமூச்சும் மௌனமும் கொட்டாவியும்தான் அரை மணி நேரம். வானொலியில் மௌனத்தை விட்டுவைக்கத் துணிச்சல் வேண்டும். அது அவர்களுக்கு இருந்தது.

மருத்துவமனையை விட்டு வந்ததும், அன்று புகழோடு இருந்த எழுத்தாளர்கள் ஃபிராங்க் மியூர், டெனிஸ் நார்டன் இருவருக்கும் கடிதம் எழுதி, எழுத்தாளராவது எப்படி என்று கேட்டார்கள். பி.பி.சி.யின் பிரதி ஆசிரியருக்கு ஒன்றை அனுப்பிப் பாருங்கள் என்று பதில் வந்தது. அனுப்பினார்கள். 1951-இல் 'ஹேப்பி கோ லக்கி' என்ற வானொலி நிகழ்ச்சியில் நுழைந்தார்கள். அங்கேதான் டோனி ஹான்காக் என்ற இளம் நடிகரைச் சந்தித்தார்கள்.

1954 நவம்பர் 2 அன்று 'ஹான்காக்ஸ் ஹாஃப் அவர்' தொடங்கியது. அதுவரை வானொலி நகைச்சுவை என்றால் நடுவில் பாட்டு, துண்டு துண்டாக நாடகம், வரிசையாகச் சிரிப்புத் துணுக்குகள். இவர்கள் பாட்டை எடுத்தார்கள், துணுக்கை எடுத்தார்கள். அரை மணி நேரமும் ஒரே கதை, ஒரே மனிதன். ஈஸ்ட் சீம் என்ற கற்பனைப் புறநகரில், ரயில்வே கட்டிங்ஸ் 23ஆம் எண் வீட்டில் குடியிருக்கும், தன்னைப் பெரிய ஆளாக எண்ணிக்கொள்ளும், எதிலும் தோற்கும் மனிதன். 1956-இல் அதே மனிதன் தொலைக்காட்சிக்கும் வந்தான். 1961 ஜூனில் ஒளிபரப்பான அத்தியாயத்தில் அவன் நாட்டுப்பற்றோடு ரத்ததானம் செய்யப் போகிறான். எடுக்கப்போகும் அளவைக் கேட்டதும் ஆடிப் போகிறான். கொடுத்துவிட்டு வந்து ரொட்டிக் கத்தியால் கையை வெட்டிக்கொண்டு, கடைசியில் தான் கொடுத்த ரத்தத்தையே திரும்ப வாங்கிக்கொள்கிறான். சமீபத்திய கார் விபத்தால் வசனத்தை மனப்பாடம் செய்ய முடியாத ஹான்காக், எதிரே வைத்த வசனத் திரையைப் படித்தே அதில் நடித்தார். தெரிந்துகொண்டு பார்த்தால் அவர் கண்கள் எங்கே போகின்றன என்று புலப்படும். ஆனாலும் அந்த எழுத்து அவரைத் தூக்கி நிறுத்துகிறது.

இவர்கள் எழுதிய முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிம்சன் தட்டச்சுப் பொறியின் முன் இருப்பார். கால்டன் நடப்பார், படுப்பார். இருவரும் ஒப்புக்கொள்ளாத ஒரு சொல்லும் தாளில் ஏறாது. மணிக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்த நாள்களும் உண்டு. ஒவ்வொரு வரியும் இருவரின் சம்மதத்தோடு வந்தது என்பதால் அந்தத் தாளுக்கு அவர்களிடம் தனி மதிப்பு இருந்தது. ஸ்பைக் மில்லிகன், எரிக் சைக்ஸ் ஆகியோரோடு சேர்ந்து 'அசோசியேட்டட் லண்டன் ஸ்கிரிப்ட்ஸ்' என்று எழுத்தாளர்களுக்கான ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஒரு காய்கறிக் கடைக்கு மேல் அலுவலகம். சிம்சனுடன் பள்ளியில் படித்த பெரில் வெர்ச்சூ செயலாளராக வந்தார். பின்னாளில் அவரே முகவராகவும் தயாரிப்பாளராகவும் வளர்ந்து, ஸ்டெப்டோவின் கதை அமைப்பை நாடு நாடாக விற்றார். ஹாலந்தில் 1963-இலேயே அதன் டச்சு வடிவம் வந்தது. அமெரிக்காவில் 1972-இல் 'சான்ஃபர்டு அண்ட் சன்' ஆனது, சுவீடனில் 'ஆல்பர்ட் அண்ட் ஹெர்பர்ட்' ஆனது. எழுத்துக்கு உரிமையாளர் எழுத்தாளர்தான் என்று அந்தக் காய்கறிக் கடை மாடியில் தெளிவாகத் தெரிந்திருந்தது.

இந்த நிறுவனத்தின் அறைகளில் இருந்த இன்னொருவர் டெரி நேஷன். 1963-இல் ஹான்காக்கின் மேடைப் பயணத்துக்கு எழுதப் போய், சண்டையில் முடிந்து திரும்பி வந்து, முதலில் வேண்டாம் என்று சொல்லியிருந்த ஒரு அறிவியல் கதைத் தொடருக்கு எழுத ஒப்புக்கொண்டார். 'டாக்டர் ஹூ'வில் வரும் டாலெக்குகள் அப்படிப் பிறந்தவை.

அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1961-இல், ஹான்காக் இந்த இரட்டையரைவிட்டுப் பிரிந்திருந்தார். உலகப் புகழ் சினிமாவில் இருக்கிறது என்று அவர் நினைத்தார். அவருக்காக இவர்கள் எழுதிய 'தி ரெபெல்' படம் அந்த வருடம்தான் வந்தது. 1968 ஜூனில் சிட்னியில் அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். 1961-இன் அந்தப் பிரிவால் நடிகரை இழந்த எழுத்தாளர்களிடம் பி.பி.சி. அதிகாரி டாம் ஸ்லோன் பத்து அரை மணி நேரங்களைக் கொடுத்து, என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள் என்றார். அதுதான் 'காமெடி பிளேஹவுஸ்'. அதில் ஒன்று, 1962 ஜனவரி 5 அன்று ஒளிபரப்பானது, இரண்டு காயலான் கடைக்காரர்களின் கதை. குதிரை வண்டியில் பழைய சாமான் வாங்கி விற்கும் அப்பனும் மகனும். மகனுக்கு வயது நாற்பதை நெருங்குகிறது, அப்பனைவிட்டுப் போய்விட வேண்டும். தன் சாமான்களையெல்லாம் வண்டியில் ஏற்றுகிறான். குதிரையைத் தர அப்பன் மறுக்கிறான். மகன் தானே வண்டியை இழுக்கிறான். அது அசையவில்லை. அழுகிறான். அப்பன் அவனை உள்ளே கூட்டிப் போகிறான். இதற்கு அவர்கள் சிரிப்பு நடிகர்களைப் போடவில்லை. வில்ஃப்ரிட் பிராம்பெல், ஹாரி எச். கார்பெட் என்ற நாடக நடிகர்களைப் போட்டார்கள். இந்த முடிவுதான் எல்லாவற்றையும் மாற்றியது என்பது என் துணிபு. ஒத்திகையில் கார்பெட் அழுதபோது அது மெய்யான அழுகையாக இருந்தது என்று எழுதியவர்கள் பிறகு சொல்லியிருக்கிறார்கள்.

இந்தத் தொடரின் பிடி எவ்வளவு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1964 அக்டோபர் 15, பொதுத் தேர்தல் நாள். அன்று மாலை வாக்குப்பதிவு முடியும் முன் ஸ்டெப்டோ ஒளிபரப்பாக இருந்தது. தொழிலாளர் கட்சித் தலைவர் ஹரால்டு வில்சன் பி.பி.சி. தலைவர் ஹ்யூ கிரீனிடம் பேசி, தன் வாக்காளர்கள் பெட்டியின் முன் உட்கார்ந்துவிடுவார்கள், நேரத்தை மாற்றுங்கள் என்று கேட்டார். மாற்றினார்கள். வில்சன் மிகச் சிறு பெரும்பான்மையில் வென்றார்.

ஒரு நாட்டின் தேர்தலில் பேசப்பட்ட நிகழ்ச்சியின் வண்ண நாடாக்களைத்தான் சில ஆண்டுகளில் அழித்தார்கள்.

இனி நகலுக்கு வருகிறேன். டிவிடி வெளியீடுகளின் குறிப்புகளையும் பழைய நிகழ்ச்சிகளைத் தேடும் ஆர்வலர்கள் எழுதிவைத்த பட்டியல்களையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தபோது விடை வந்தது. இன்று இருக்கும் கருப்பு வெள்ளைப் பிரதிகள் கால்டனும் சிம்சனும் தங்களுக்கென எடுத்து வைத்திருந்த வீடியோ நகல்கள். வீட்டு வீடியோ என்ற சொல்லே பெரும்பாலானோருக்குத் தெரியாத காலத்து, சுருளாகச் சுற்றும் சிறு நாடாக்கள். அந்தக் கருவிக்கு நிறம் தெரியாது. மூல நாடா வண்ணத்தில் ஓடியது, நகல் வெள்ளையும் சாம்பலுமாக நின்றது. பிறகு மூலம் அழிந்தது, நகல் தங்கியது.

நிறத்தை மீட்க முடியாதா என்று கேட்கத் தோன்றும். 2008-இல் 'டாட்ஸ் ஆர்மி'யின் ஓர் அத்தியாயத்துக்கு அப்படி நிறம் திரும்பியது. ஆனால் அது கருப்பு வெள்ளைப் பிலிமில் பதிந்துபோன வண்ணச் சமிக்ஞையின் நுண்புள்ளிகளைக் கொண்டு செய்த வேலை. பிலிம் பிரதியும், அதில் அந்தப் புள்ளிகளும் இருந்தால்தான் முடியும். ஸ்டெப்டோவின் நகல்கள் பிலிம் இல்லை, வீடியோ நாடா. ஆகவே அந்த வழி அவற்றுக்கு இல்லை.

தேடலின் இரண்டாவது பாதி ஹான்காக்கைப் பற்றியது. 1956-இல் வந்த முதல் தொலைக்காட்சி வரிசையின் ஆறு அத்தியாயங்களில் ஒன்றுக்கும் படம் இல்லை. பல நேரடி ஒளிபரப்புகள், பதிவே ஆகாதவை. வானொலியிலும் இடைவெளிகள். மிஞ்சிய வானொலி அத்தியாயங்களில் பல, வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்க பி.பி.சி. அழுத்திய இசைத்தட்டுகளால் பிழைத்தவை. அயல்நாட்டவருக்குப் புரியாது என்று அவற்றில் அங்கங்கே வெட்டியிருப்பார்கள்.

இங்கேதான் காகிதம் கைகொடுக்கிறது. ரெடிங் நகரின் கேவர்ஷம் பகுதியில் பி.பி.சி.யின் எழுத்து ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் உண்மையில் என்ன ஒலிபரப்பானது, எந்த இசை எத்தனை நிமிடம், எவருக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று பதிந்த தாள்கள் அங்கே ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டுள்ளன. ஒலி காற்றோடு போயிற்று, அந்த ஒலிக்கான சம்பளக் கணக்கு இருக்கிறது. ஆய்வாளனுக்கு இந்தத் தாள்கள் எவ்வளவு பெரிய துணை என்று புத்தகங்களில் போதுமான அளவு சொல்லப்படவில்லை என்பது என் வருத்தம். நடிகர் மாறியதும், நேரம் தள்ளிப் போனதும் இவற்றால்தான் உறுதியாகின்றன. 1955 ஏப்ரலில் ஹான்காக் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட, அப்போது தொடங்கிய புதிய வரிசையின் முதல் மூன்று வாரமும் ஹான்காக்கின் பெயரிலேயே ஓடிய நிகழ்ச்சியில் ஹாரி சீகோம் என்ற வேறொருவர் நாயகனாக நடித்தார். அந்த மூன்றின் ஒலியும் காணாமல் போனவற்றில் சேர்ந்தது.

ஆனால் எழுத்துப் பிரதிகள் இருந்தன. நாடாவை அழித்த நிறுவனத்தாலும் தட்டச்சுத் தாளை அழிக்க முடியவில்லை, ஏனென்றால் தாள் ஒரே இடத்தில் இல்லை. நடிகரிடம் ஒன்று, தயாரிப்பாளரிடம் ஒன்று, எழுதியவர்களிடம் ஒன்று. 2014 முதல் பி.பி.சி. வானொலி 4, தொலைந்த ஹான்காக் அத்தியாயங்களை அந்தப் பிரதிகளிலிருந்தே மறுபடி நடித்து ஒலிபரப்பியது. கெவின் மெக்நாலி ஹான்காக் ஆனார். அறுபது வருடம் கழித்து, அதே தாளில் உள்ள அதே வரிகளுக்கு அரங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கேட்டவரை, நடிகரின் குரலைப் பிரதியெடுத்ததற்கு வந்த சிரிப்பாக அது தெரியவில்லை. எழுத்துக்கு வந்த சிரிப்பு. 2016-இல் தொலைக்காட்சியும் அதைச் செய்தது. ஹான்காக்கின் தொலைந்த அத்தியாயம் ஒன்றோடு, நிறமிழந்த ஸ்டெப்டோ அத்தியாயம் ஒன்றும் புதிய நடிகர்களோடு படமானது.

ஒலியும் சில சமயம் திரும்பும். 1955 பிப்ரவரியில் ஒலிபரப்பான ஒரு ஹான்காக் அத்தியாயம், தொடரில் வழக்கமாக நடித்த கென்னத் வில்லியம்சுக்குப் பதில் பீட்டர் செல்லர்ஸ் நடித்தது, 2022-இல் கிடைத்தது. வானொலியிலிருந்து யாரோ ஒருவர் தன் வீட்டில் பதிந்து வைத்த பதிவு அது.

சிம்சன் 1978-இல் எழுதுவதை நிறுத்திக்கொண்டார். கால்டன் ஜானி ஸ்பைட்டோடு சேர்ந்து சில காலம் எழுதினார். 2016-இல் பிரிட்டிஷ் திரைக் கழகமான பாஃப்டா இருவருக்கும் தன் மிக உயர்ந்த கௌரவத்தைத் தந்தது. 2017 பிப்ரவரியில் சிம்சன் இறந்தார். 2018 அக்டோபரில் கால்டன் இறந்தார்.

இதைத் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சென்னைத் தொலைக்காட்சி 1975-இல் தொடங்கியது. அதற்கும் முன்பிருந்து சபாக்களுக்கும் வானொலிக்கும் நகைச்சுவை நாடகம் எழுதியவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களில் பலருடைய பெயரும் எந்த நூலிலும் ஏறவில்லை. உங்கள் வீட்டில் தாத்தாவோ சித்தப்பாவோ எழுதிய நாடகப் பிரதி இருந்தால், அடித்தல் திருத்தலோடு இருந்தாலும், நோட்டுப் புத்தகத்தில் பாதிதான் இருந்தாலும், எடைக்குப் போடாதீர்கள். பழைய ஒலிநாடா, வீடியோ கேசட் இருந்தால் அதன்மேல் வேறு எதையும் பதியாதீர்கள். எழுதியவர் பெயர், நடித்தவர்கள், எந்த ஆண்டு, எந்த அரங்கு என்று தெரிந்தவரை ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் கேட்டுப் பாருங்கள். கொடுக்க மனமில்லையென்றால் ஒரு நகலாவது எடுத்து இன்னொரு வீட்டில் வையுங்கள்.